சால்தோவில் ஒரு பிரவுசர் தொகுக்கப்படுகிறது

உலகத்தில் இப்படியும் ஓர் இனம் உண்டு. நீங்களும் நானும் இரண்டு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளை மூலநிரலாக வாங்கி, தன் கணினியிலேயே நாள்கணக்கில் கம்பைல் செய்து தொகுத்தெடுத்தால்தான் இவர்களுக்குத் திருப்தி. கணினி எவ்வளவு கிழடோ, அவ்வளவு பக்தி. உருகுவேயின் சால்தோ நகரத்து மருந்துக்கடை ஊழியர் எவரிஸ்தோ இதில் கலப்படமில்லாத ரகம். லேப்டாப்புக்குப் பதினாறு வயது. அதில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் முழுக்க அவர் கைத்தொகுப்பு.

"ரெடிமேடா வர்றது யாருக்கோ செஞ்சது. இது என் மெஷினுக்கு அளவெடுத்துத் தச்சது" என்பார். அந்தச் சட்டையை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை. எப்போதும் தையலிலேயே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மனைவி நெலிதா சொன்னார்: "திங்கக்கிழமை பத்து மணிக்கு வீடியோவுல இன்டர்வியூ. ஸ்கூல் லைப்ரரி வேலை, நாலு வருஷம் காத்திருந்து வந்திருக்கு. இருக்கற பிரவுசரே போதும். தொடாத."

"தொடல. புதுப்பிக்கறேன், அவ்வளவுதான்."

தொட்டார். இடம் போதவில்லை என்று முதல் காரியமாகப் பழையதை அழித்தார்.

அப்புறம் என்ன? திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓட, மாத்தே என்னும் மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி, ஏதோ தானே ஓடிக் களைத்ததுபோல் அவர் பெருமூச்சுவிட, ஞாயிறும் கழிந்தது. குளிருக்கு உப்பாத ரொட்டிமாவை நெலிதா அந்த லேப்டாப்பின் சூட்டில் வைத்தார். உப்பியது. அந்த இரண்டு நாளில் அது செய்த உருப்படியான வேலை அதுதான்.

திங்கள் ஒன்பதரைக்கு நினைவகம் நிரம்பித் தொகுப்பு நின்றது.

"இன்னும் கொஞ்சந்தான்."

"எவ்வளவு நேரம்?"

"ஏழு மணி நேரம். ஆனா கச்சிதமா இருக்கும்."

நெலிதா கோட்டை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டு சுல்மாவிடம் போனார். சுல்மாவுக்குத் தன் கணினியில் என்ன ஓடுகிறதென்று தெரியாது. ஓடுகிறது என்று மட்டும் தெரியும்.

பதினொன்றரைக்குத் திரும்பினார். "கிடைச்சிருச்சு. அங்கேயே சொல்லிட்டாங்க."

எவரிஸ்தோ எழுந்து கட்டிக்கொண்டார். கண் கலங்கியது நிஜம்.

"வேலை தக்வாரெம்போவுல. வாரத்துல அஞ்சு நாள் அங்கதான் தங்கணும். நீ தனியா இருப்பியா?"

அவர் முகம் வாடியது. ஐந்து நாள். யாரும் நிறுத்தச் சொல்லாத ஐந்து முழு நாள். வாட்டம் கொஞ்சம் தெளிந்தது.

"பரிதாபமா மூஞ்சிய வச்சுக்காத" என்றார் நெலிதா. "கணக்குப் போடறது தெரியுது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். லினக்ஸ் பக்கமே போனதில்லை என்கிறீர்கள். நல்லது. காலையில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து, முதலில் மேசையைத் துடைத்து, பேனாவுக்கு மை மாற்றி, இழுப்பறையை ஒழுங்குபண்ணி, இப்போது இதையும் படித்து முடித்துவிட்டீர்களே, அந்தக் கடிதம் எழுதியாயிற்றா?