ஓட்டை பொறுக்காத மைக்செட் நைனா

மனிதனைப் படைக்கும் வேலையை ஆண்டவன் மைக்செட் நைனாவிடம் கொடுத்திருந்தால், நம்மில் ஒருவருக்கும் காதும் இருந்திருக்காது, மூக்கும் இருந்திருக்காது. திறந்த ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் முடியாது. அடைத்துவிட்டுத்தான் மறுவேலை.

அவர் நிஜப் பெயர் பழவேற்காட்டில் யாருக்கும் தெரியாது. முதலில் படகுகளுக்குக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியம் பூசி, தண்ணீர் புகாமல் செய்கிற வேலை அது. எண்பதுகளின் தொடக்கத்தில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் குழாய் ஸ்பீக்கர் இரண்டும் வாங்கி மைக்செட் முதலாளி ஆனார். தொழில் மாறியதே தவிர கை மாறவில்லை. ஆம்ப்ளிஃபயரின் முதுகைத் திருப்பிப் பார்த்தவர் பதறிப்போனார்.

“இன்னாடா இது, இத்தினி ஓட்டை வச்சி வித்துக்கிறான்! சவுண்டு பூரா ஒழுவிடாது?”

மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் வேண்டியதை விட்டுவிட்டு, ரெக்கார்டு பிளேயரின் ஒயரைச் சொருகியபடியே வைத்துப் பூசிவிட்டு, மிச்ச ஓட்டைகளில் எல்லாம் பஞ்சு, மேலே குங்கிலியம். அப்புறம்தான் சத்தம் கூடியது என்று அடித்துச் சொல்வார். குமிழைத் திருகி அவரே கூட்டி வைத்தால் சத்தம் ஏன் கூடாது!

எங்கள் கணக்கு வாத்தியாருக்குத் தன் புது டிரான்சிஸ்டரை ஸ்பீக்கரில் மாட்டிக் கேட்க ஆசை. நைனாவிடம் கொடுத்தார். திரும்பி வந்தபோது, காதில் மாட்டும் ஒயருக்கான ஓட்டையிலிருந்து சத்தம் வருகிற சல்லடை வரை அத்தனையும் அடைபட்டிருந்தது. “இனிமே ஏரில வுழுந்தாலும் ஒண்ணும் ஆவாது சார்” என்றார் நைனா. கோபத்தில் வாத்தியார் அதை ஏரியிலேயே வீசினார். சும்மா சொல்லக்கூடாது, ஜம்மென்று மிதந்தது. பாடத்தான் இல்லை.

ஒயரோடு ஒயரை அவர் சேர்ப்பதும் மீன்வலைக்குப் போடுகிற முடிச்சால்தான். திருப்பாலைவனம் திருவிழாவில் ஓர் எருமை ஒயரில் கால் சிக்கி மிரண்டு, ஸ்பீக்கரைக் கம்பத்தோடு சாய்த்து இழுத்துக்கொண்டு ஓடியது. முடிச்சு அவிழுமா? ஒயர் எட்டும் மட்டும் அம்மன் பாட்டு எருமைக்குப் பின்னாலேயே போயிற்று. “பாத்தியா, ஒரு வரியாச்சும் அறுந்துச்சா?” என்று நைனா மீசையை முறுக்கினார்.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் என் சிநேகிதி ஜொஹராவின் கல்யாணம் மாட்டியது. அவளுடைய வாப்பா குவைத்தில் டிரைவர். லீவு கிடைக்கவில்லை. தான் பேசிப் பதிந்த கேசட்டையும், அதைப் போட ஒரு டூ-இன்-ஒன்னையும் ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஜொஹரா ஒரே பிடி.

“வாப்பா வரலைன்னு நாளைக்கு ஒருத்தரும் என்னைச் சொல்லக்கூடாது. அவர் பேசுறது பந்தல் முழுக்கக் கேக்கணும். அப்புறம்தான் சம்மதம் சொல்லுவேன்.”

பெண்கள் அறைக்கும் வாசல் பந்தலுக்கும் தூது போகிற வேலை எனக்கு. டூ-இன்-ஒன்னின் சத்தம் நாலு பேருக்கு மேல் எட்டவில்லை. அதன் வாயில் மைக்கை வைத்தால் ‘கீ’ என்று ஊளையிட்டது. கூடவே வந்த ஒயரைத்தான் ஆம்ப்ளிஃபயரில் சொருகவேண்டும். ஒயர் முனையில் பளபளவென்று ஒரு பின் இருந்தது. சொருக ஓட்டை எங்கே? கருங்கல்லாய் இறுகிய குங்கிலியம்தான் இருந்தது. நைனாவுக்கு வேர்த்துவிட்டது.

“பாப்பா, ஒரு கொண்டையூசி எடுத்தாம்மா!”

ஜொஹராவின் தலையிலிருந்தே உருவிக்கொண்டு ஓடினேன். தோண்டினார். ஒன்று திறந்தது, அது வேறு ஓட்டை. இன்னொன்று திறந்தது, அதுவும் இல்லை. அந்த நிலையிலும் பெருமை வேறு: “நம்ம அடைப்புன்னா சும்மாவா?”

ஜொஹராவின் பெரியவாப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. “யோவ், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்து போயிடுவாங்கய்யா! கேசட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். பாட்டப் போடு!”

நைனா நிமிர்ந்தார். “பொண்ணு அப்பன் கொரல கேக்கணும்னு குந்திக்கினு கீது. கேட்டே தீரும். நீ கொஞ்சம் கம்முனு இரு பாய்.”

ஊசி வளைந்தது. கடைசியில் குங்கிலியம் பிளந்தது. ஒயரின் பின் உள்ளே போனதும் ‘டொப்’ என்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் பந்தல் அதிர, “ஜொஹரா கண்ணு, நல்லா இருக்கியாம்மா?” என்றார் வாப்பா.

உள்ளே அவள் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். வாப்பா மகளுக்காக இறைவனிடம் துஆ செய்தார், மாப்பிள்ளைக்குப் புத்தி சொன்னார், பேச்சை முடித்தார். ஆனால் பதிவை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, அங்கே பக்கத்தில் இருந்த யாரிடமோ தயங்கித் தயங்கிக் கேட்டார்: “நான் சரியாப் பேசுனனா?”

நைனா மைக்கை எடுத்தார். கடல் இருந்த பக்கமாகத் திரும்பி நின்றார்.

“சோக்கா பேசின பாய்! எங்க எல்லாருக்கும் கேட்டுச்சி! நீ அழுவாத பாய்!”

ஜொஹரா அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் சம்மதம் சொன்னாள்.

குவைத் இருப்பது மேற்கே, நைனா கத்தியது கிழக்கே என்று பூகோளம் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. சேரவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.