பிரியாணித் தட்டில் முளைத்த பட்டமரம்

சோம்பேறிகளுக்குப் பரிசு கிடைக்காது என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். பச்சைப் பொய். எனக்கே கிடைத்திருக்கிறது.

திருவண்ணாமலையில் ஆசிரியர்களுக்கான நாடகப் போட்டி. எங்கள் பள்ளி நாடகத்துக்கு லைட் என் பொறுப்பு. பின்திரையில் பட்டமரத்தின் நிழல் விழவேண்டும். அதற்காக விளக்குக்குள் செருகும் வெட்டுத் தகட்டைக் கடையில் வாங்கலாம் என்றார் கோபால் சார். எங்கள் தமிழாசிரியர், நாடகத்தை எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடிப்பவர். (வேறு யாரையும் நம்பமாட்டார்.)

“எதுக்கு சார் செலவு? நானே செய்யறேன்.”

“சொதப்புனீங்கன்னா மறுபடியும் திரை இழுக்கத்தான் போவணும், பாத்துக்குங்க.”

ஐந்து வருடம் திரை இழுத்த பிறகே இந்தப் பதவிக்கு வந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்சலில் மட்டன் பிரியாணி வந்த அலுமினியத் தட்டை எடுத்தேன். கிளைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிளேடால் குடைந்து எடுத்தேன்.

“ஏம்மா, மசாலா ஒட்டினு இருக்குது பாரு, கழுவேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“லைட்டுக்குள்ள போறத யாரு பாக்கப்போறா?” செய்தித்தாளால் ஒரு துடை. அவ்வளவுதான்.

போட்டியன்று மேடையோரத்து விளக்கைப் போட்டேன். அத்தனை கிளையோடும் மரம் எழுந்து நின்றது. கைதட்டல்! பூரித்துப்போனேன்.

ஐந்தே நிமிடத்தில் விளக்கு சூடேறியது. பஞ்சத்தில் வாடும் விவசாயியாக கோபால் சார், “மூணு நாளா ஒரு பருக்க சோறு இல்லியே” என்று விசும்பும்போது மேடை முழுக்க பிரியாணி மணந்தது.

“யாருப்பா டப்பாவ தொறந்தது?” என்றது முன்வரிசை.

விளக்கை அணைத்தால் மரம் போய்விடும். அணைக்காவிட்டால் மானம் போய்விடும். பதற்றத்தில் மதியம் சாப்பிடாமல் வந்திருந்த கோபால் சாரோ வசனத்தை மறந்து காற்றை மோந்துகொண்டிருந்தார்.

அவர் மனைவியாக நடித்த கலைச்செல்வி டீச்சர்தான் சமாளித்தார். “உனக்கும் வாசன வருதாய்யா? எனக்குத்தான் பசியில புத்தி பெரண்டுடுச்சின்னு பயந்துட்டேன்.”

முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. கோபால் சார் முட்டிபோட்டு, வெறுங்கையை வாய்க்குக் கொண்டுபோய் மென்றார். கண்ணீர் நிஜம். எச்சில் அதைவிட நிஜம். கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

முதல் பரிசு எங்களுக்கு. ஒளியமைப்புக்குத் தனிக் கேடயம் வேறு!

“அந்த வாசனைய எப்படிங்க கொண்டாந்தீங்க?” என்று கேட்டார் நடுவர்.

“ரொம்ப உழைப்புங்க” என்றேன், கூசாமல்.

இப்போது திரையை வேறொருவர் இழுக்கிறார். கேடயம் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. ஆனால் சிங்க்கில் ஒரு பாத்திரம் கழுவாமல் கிடந்தால் போதும், சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வரும்:

“இத கழுவிடட்டுமா, இல்ல அடுத்த கேடயத்துக்கு எடுத்து வெக்கட்டுமா?”