லைசென்ஸ் அண்ணாச்சி சொன்ன ஒரே பொய்

எங்கள் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் கிளம்ப மூன்று பேர் மனசு வைக்க வேண்டும். கேப்டன், கஸ்டம்ஸ், லைசென்ஸ் அண்ணாச்சி. முதல் இரண்டு பேரிடம் கெஞ்சிப் பார்க்கலாம். அண்ணாச்சியிடம் அந்தப் பருப்பு வேகாது.

பக்கத்து ஊரான நாசரேத்துக்காரர். சொந்தப் பெயர் அவர் வீட்டம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். தூத்துக்குடியில் சரக்கு அனுப்பும் கிளியரிங் ஆபீஸ் எதிலாவது கம்ப்யூட்டர் திடீரென்று ‘லைசென்ஸ் செல்லாது’ என்று முரண்டு பிடித்தால் அவருக்குத்தான் போன் போகும். ஸ்கூட்டரில் வருவார், உட்காருவார், கையைக் கட்டிக்கொள்வார். கீபோர்டை மட்டும் தொட மாட்டார்.

“என்னல பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி.”

“அப்ப நானும் ஒண்ணும் பண்ணல. டீ சொல்லு.”

உண்மை வரும்வரை டீ வந்துகொண்டே இருக்கும். நாலாவது டீக்கு மேல் தாக்குப்பிடித்த குமாஸ்தா இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

பீச் ரோட்டில் ஓர் ஆபீஸில் லைசென்ஸ் முடிந்துபோனதும், அங்கிருந்த புத்திசாலி ஒருவர் கம்ப்யூட்டரின் தேதியை ஒரு வருடம் பின்னால் தள்ளி வைத்துவிட்டார். மென்பொருளும் ஏமாந்து திறந்துகொண்டது. உலர்பூ ஏற்றுமதிக்கான காகிதமெல்லாம் பழைய தேதியில் அச்சாகிப் போய்விட்டது. மூன்றாவது டீயில் விஷயம் வெளியே வந்தது. அண்ணாச்சி ஒரு தாளை எடுத்து நிதானமாகப் படித்தார்.

“பூ இந்த வருசம் பூத்திருக்கு. போன வருசமே கப்பல் ஏறிருக்கு. நல்லா இருக்குல ஒங்க வியாபாரம்.”

சில லைசென்ஸுக்குப் போன் போட்டு நீளமான எண்களை வரிசையாகச் சொல்லி உயிர் கொடுக்க வேண்டும். எதிர்முனையில் பேசுவது பதிவு செய்த பெண் குரல். அண்ணாச்சி அதனிடம் எழுந்து நின்றுதான் பேசுவார். “சொல்லுதேம்மா, கொஞ்சம் பொறும்மா” என்பார். அது வெறும் ரெக்கார்டு என்று நான் ஒருமுறை சொன்னேன்.

“இருக்கட்டும்ல. நாள் பூரா எத்தன பேரு ஏசிருப்பான் அந்தப் பிள்ளைய.”

இப்படிப்பட்டவரிடம்தான், இன்னொரு கிளியரிங் ஆபீஸில் குமாஸ்தாவான நான் மாட்டினேன். என் மனைவி ஜெசிந்தாவின் பி.எட். ப்ராஜெக்ட்டை டைப் அடிக்க, எங்கள் ஆபீஸில் காகிதங்கள் டைப் அடிக்கும் மென்பொருளை ரகசியமாக வீட்டு லேப்டாப்பில் ஏற்றியிருந்தேன். அந்த லைசென்ஸ் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் செல்லும் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் அது உயிர் பெற்ற மறுநாள் காலை, ஆபீஸில் செத்துக் கிடந்தது. இறால் கன்டெய்னர் ஒன்று காகிதத்தோடு நாலு மணிக்குள் துறைமுக கேட்டைத் தாண்ட வேண்டும். ஆபீஸ் சொத்தில் கை வைத்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவது எங்கள் முதலாளியின் வழக்கம்.

அண்ணாச்சி வந்தார். கையைக் கட்டினார். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

“என்னல பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி.”

டீ சொல்ல நேரமில்லை. முதல்முறையாக, உண்மை வராமலே கீபோர்டைத் தொட்டார். ஆபீஸ் கணக்கைத் திறந்ததும், ‘இந்த லைசென்ஸ் ஜெசிந்தா லேப்டாப்பில் இயங்குகிறது’ என்று திரை ஆங்கிலத்தில் பளிச்சென்று போட்டுக் கொடுத்தது. எங்கள் கல்யாணத்துக்கு வந்து இரண்டு பந்தி சாப்பிட்டவர் அண்ணாச்சி. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?” என்று முதலாளி சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார்.

“உப்புக்காத்து. உள்ள போர்டு அரிச்சிருக்கு. அதான் வேற கம்ப்யூட்டர்னு நெனச்சிட்டு.” சொல்லிக்கொண்டே ஜெசிந்தாவை நீக்கி, லைசென்ஸை இங்கே திருப்பிவிட்டார்.

மாடிப்படி வரைக்கும் கூடவே போனேன். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“கன்டெய்னர் பெட்டி உள்ள போவட்டும். பொறவு நீயா போயி சொல்லிரு” என்றார். டீகூட வேண்டாம் என்றுவிட்டார்.

மூன்றரைக்கு கன்டெய்னர் கேட்டைத் தாண்டியது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஐந்து மணி வரை எனக்குள்ளேயே வாதாடினேன். கடைசியில் முதலாளி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தெரியும். அண்ணாச்சி எறங்கிப் போன பத்தாவது நிமிசமே போன் பண்ணிட்டாரு. உப்புக்காத்துக் கத பொய்யாம். எங்கிட்ட மன்னிப்பு கேட்டாரு.”

“என்னையப் பத்தி என்ன சொன்னாரு?”

“சாயங்காலத்துக்குள்ள அவனே வந்து சொல்லுவான், அதுவரைக்கும் வாயத் தொறக்காதியன்னாரு. வரலன்னா என்ன செய்யன்னு கேட்டேன். ‘வருவான்’னு சொல்லி வச்சிட்டாரு.”

நானே வந்து சொன்னதால் வேலை தப்பியது. நான் போய்ச் சொல்வேனா மாட்டேனா என்று அன்று சாயங்காலம் வரை எனக்கே தெரியாது. அண்ணாச்சிக்கு மத்தியானமே தெரிந்திருந்தது. என்னைப் பெற்றவர்கள்கூட என் மேல் அப்படி ஒரு நம்பிக்கை வைத்ததில்லை.