ஏகமனதான பள்ளிக்கூடம்

ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி அதில் படிக்கிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்று அறிந்துகொள்வது ராஜாங்கத்தின் கடமை என்பதாகச் சென்ற ஆடி மாதம் கல்வி இலாகாவுக்குத் தோன்றிற்று. அதற்கு முன் ஏன் தோன்றவில்லை என்று கேட்பது நியாயமல்ல. தோன்றுவதற்கு ஒருவர் சீமைக்குப் போய்வர வேண்டியிருந்தது.

போய்வந்தவர் ஸ்பெஷல் ஆபீசர். ஆறு மாதம் இருந்துவிட்டு ஒரு கம்பளிக் கோட்டும் ஒரு யோசனையும் கொண்டுவந்தார். கோட்டு சென்னை வெயிலுக்கு உதவவில்லை. யோசனையை மட்டும் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். சீமையில் பெற்றோரைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, அபிப்பிராயம் கேட்கிறார்களாம். ஆகவே நம் மாகாணத்திலும் கேட்டாக வேண்டும். முதலாவது 'அபிப்பிராய தினம்' கொண்டாடும் பாக்கியம் மாம்பலத்துப் பெரிய பொது உயர்தரப் பாடசாலைக்குக் கிடைத்தது. எல்லோரும் ஏகமனதாகத் திருப்தி தெரிவித்தால் அது 'ஏகாபிப்பிராயப் பாடசாலை' என்று கெஜட்டில் வரும். தலைமையாசிரியருக்கு உத்தியோக உயர்வும் வரும்.

தலைமையாசிரியர் சுப்பராமன் முறைப்படி வேலை செய்கிறவர். பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்றைப் பரீட்சையில் கேட்கப்போகிறார்கள் என்றால், அதை முன்னதாகக் கற்றுக்கொடுப்பதுதானே ஆசிரியரின் தர்மம்? தேகப்பயிற்சி வகுப்பை நீக்கிவிட்டு அந்த மணியில் அபிப்பிராயம் போட்டார்.

"நமது பாடசாலை விசாலமானது. சொல்லுங்கள்."

"நமது பாடசாலை விசாலமானது" என்றது ஐந்தாம் பாரத்து வகுப்பு. அறுபத்தைந்து பேர், நாற்பது பேருக்கான அறையில், ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சொன்னார்கள்.

"காற்றோட்டமும் இயற்கைச் சூழலும் உடையது."

ஏரியைத் தூர்த்துக் கட்டிய கட்டடம் அது. மழை பெய்தால் தவளைகள் பழைய பாத்தியதையை நினைத்துக்கொண்டு மூன்றாம் பாரத்துக்குள் வந்துவிடும். இயற்கைச் சூழல் என்றது அதைத்தான்.

வலியுல்லா என்ற பையன் எழுந்தான். "சார், எனக்கு வேறே அபிப்பிராயம் இருந்தா?"

"இருக்கட்டுமே. ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள். பள்ளிக்கூடம் அன்றைக்கு லீவுதானே?"

பிள்ளைகள் தேறிவிட்டார்கள். பெற்றோர்கள்தான் பாக்கி. அதற்கும் கவலையில்லாமல் போயிற்று. தியாகராய நகரில் அபிப்பிராயம் அந்த மாதம் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. பென்ஷன் வாங்கின ஒரு தாசில்தார் தம் வீட்டு வராந்தாவில் பெற்றோருக்கு அபிப்பிராய டியூஷன் ஆரம்பித்தார். குரலை எங்கே தாழ்த்துவது, 'மிகையாகாது' என்பதற்கு முன் எவ்வளவு நேரம் மூச்சு விடுவது, எல்லாம் அங்கே உண்டு. மயிலாப்பூரிலிருந்துகூட ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஆனால் அபிப்பிராயம் இல்லாமல் ஒரு கல்யாண வீட்டுக்கு எப்படிப் போவது?

இவ்வளவு ஏற்பாட்டிலும் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்தப் பாடசாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பையன்களோடு ஒரு டஜன் பெண்களும் படித்தார்கள். ஸ்திரீ கல்விக்கு ஆதரவு என்று வருஷாந்தர அறிக்கையில் அச்சிட வசதியாக அவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பையன்களுக்குக் கக்கூஸ் கொல்லைப்பக்கம் இருந்தது. பெண்களுக்கு அறிக்கை இருந்தது.

பக்கத்துத் தெருப் பெண்கள் காலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். நாலாம் பாரத்து ஜானகிக்கு அது முடியவில்லை. அவள் வீடு அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே. மத்தியானம் மணி அடித்ததும் ஓடுவாள், திரும்பிவர நேரமாகிவிடும். நேரம் கழித்து வந்தால் அரை நாள் ஆப்சென்ட். ஆப்சென்ட் இன்னும் கொஞ்சம் ஏறினால் வருஷப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். கணக்கில் வகுப்புக்கே முதலாவதாக வருகிறவள் அவள். அவள் தகப்பன் பஞ்சாட்சரம், கட்டைவண்டி ஓட்டுகிறவன், ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: "வயசு வந்த பொண்ணு, டெய்லி நடுரோட்ல ஓடிக்கினு கீது. ஒண்ணு அங்க ஒரு எடம் கட்டச் சொல்லு. இல்லாங்காட்டி படிச்சது போதும், ஊட்ல குந்தட்டும்."

ஜானகியின் தாய் முத்தம்மா கீரை விற்கிறவள். தியாகராய நகர் வீடுகளுக்கெல்லாம் அவள்தான் கீரை. வாடிக்கைக்காரி காமாக்ஷியம்மாளின் பெண்ணும் அதே நாலாம் பாரம். அபிப்பிராய தினத்துக்கு முந்திய நாள் கொல்லை வாசலில் இரண்டு பேரும் பேசினார்கள்.

"இன்னாம்மா, நாளைக்கு நீங்க சொல்லுவீங்களா? நீங்க சொன்னா கேப்பாங்க."

"நானா? அத்தனை புருஷா முன்னாடியா? எங்காத்துக்காரர் வேற முன் வரிசையில ஒக்காந்துண்டிருப்பார். நீ மொதல்ல ஆரம்பிச்சு வை முத்தம்மா. நான் பின்னாடியே எழுந்துண்டு ஆமாம்னு சொல்றேன்."

"மத்தவங்க?"

"எல்லார்கிட்டயும் பேசிட்டேன். எல்லாருக்கும் இதே கஷ்டந்தான். நீ எழுந்தாப் போறும், பதினோரு பேரும் எழுந்துடுவோம்."

மறுநாள் மாவிலைத் தோரணம், நாதஸ்வரம், பன்னீர். ஸ்பெஷல் ஆபீசர் கம்பளிக் கோட்டிலேயே வந்து வியர்வையில் நனைந்தார். பிள்ளைகள் ஒரே குரலில் அபிப்பிராயம் தெரிவித்தார்கள். தாசில்தாரிடம் டியூஷன் எடுத்த தகப்பனார்கள் ஒவ்வொருவராக எழுந்து, இப்பாடசாலை ஒரு கற்பகவிருட்சம் என்றால் அது மிகையாகாது என்றார்கள். மூச்சுவிட்ட இடம்கூட ஒன்றாகவே இருந்தது. ஆபீசர் பரவசமானார்.

"தாய்மார்கள் யாராவது?" என்று மரியாதைக்குக் கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதல்ல.

முத்தம்மா எழுந்தாள். "சாமி, இஸ்கோலு நல்லாத்தான் கீது. பொட்டப்புள்ளைங்களுக்கு ஒதுங்க ஒரு எடம் இல்ல. ஒரு கக்கூஸ் கட்டிக் குடுத்தீங்கன்னா எம் பொண்ணு படிக்கும்."

சபை ஒரு கணம் பன்னீர்ச் செம்பைப் பார்த்தது. தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ஆபீசர் மட்டும் நிதானம் தவறவில்லை.

"அம்மா, நீங்கள் சொன்னது அபிப்பிராயம் அல்ல. அது தேவை. தேவைகள் சுகாதார இலாகாவைச் சேர்ந்தவை. என் அதிகாரம் அபிப்பிராயங்களோடு நின்றுவிடுகிறது."

"அப்ப அபிப்பிராயம்னா இன்னா சாமி?"

"எதைக் கேட்ட பிறகு யாரும் எழுந்துபோய் எதுவும் செய்யவேண்டி இராதோ, அது."

"நான் நெனக்கிறத்தத்தான சாமி சொன்னேன்."

"நினைக்கலாம். ஆனால் கட்டச் சொல்கிறீர்களே. செங்கல் வந்துவிட்டால் அது பொதுப்பணி இலாகா." கொஞ்சம் யோசித்து, நியாயமாகவே இன்னொரு கேள்வியும் கேட்டார். "இருந்தாலும் நான் பாரபட்சம் இல்லாதவன். பெண்களைப் பெற்றவர்களில் வேறு யாருக்காவது இப்படித் தோன்றுகிறதா? ஒருவர் எழுந்தால் போதும். இதைப் பொது அபிப்பிராயம் என்று வைத்து மேலே அனுப்பிவிடுகிறேன்."

முத்தம்மா திரும்பிப் பார்த்தாள். பதினோரு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முந்தானைச் சரிகையைச் சோதித்தாள். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். குழந்தைக்கு ஜலதோஷமே இல்லை. காமாக்ஷியம்மாள் தோரணத்து மாவிலைகளில் எது வாடியிருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் அவளுடைய அகமுடையான் பக்கத்துக்காரரிடம் சொன்னார்: "சபையில் பேசற பேச்சா இது? ஸ்திரீகளுக்குக் கல்வி வேணும்னு நானே மேடை மேடையாப் பேசியிருக்கேன். அதுக்காக இப்படியா?"

கூட்டம் கலைந்ததும் உள் அறையில் ஆலோசனை நடந்தது. அபிப்பிராயம் ஒன்றே ஒன்று குறைந்து ஏகமனது கெட்டுவிட்டது. என்ன செய்யலாம்? சுப்பராமன் முறைப்படி சிந்திக்கிறவர் என்று சொன்னேனே.

"சார், அந்தப் பெண்ணுக்கு ஆஜர் போதாது. எப்படியும் பரீட்சைக்கு உட்காரப் போவதில்லை. ஆகவே பேரை அடித்துவிடலாம்."

"அடித்தால்?"

"அவள் நம் மாணவி அல்ல. அப்போது அந்த அம்மாள் நம் பெற்றோரும் அல்ல. வெளி மனுஷி யாரோ வந்து ஏதோ சொன்னதாக ஆகிறது. காலையிலிருந்து முன்தேதியிட்டு அடித்துவிட்டால், அவள் பேசியபோதே வெளி மனுஷி."

"ஆஜர் ஏன் போதவில்லை என்று மேலே கேட்டால்?"

"அடிக்கடி வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். படிப்பில் சிரத்தை இல்லை."

ஆபீசருக்குப் பெரிய பாரம் இறங்கிற்று. கெஜட்டில் பாடசாலையின் பெயர் வந்தது. சுப்பராமன் ஜில்லா கல்வி அதிகாரியாகித் திருச்சிக்குப் போனார். ஸ்திரீ கல்விக்கு இப்பாடசாலை ஆற்றும் தொண்டைப் பாராட்டி மயிலாப்பூர் மாதர் சங்கம் ஒன்று தீர்மானம் நிறைவேற்றிற்று; கூட்டம் ஒரு அங்கத்தினர் வீட்டில் நடந்தது, எல்லா வசதியும் உள்ள வீடு. ஜானகி இப்போது தாயோடு கூடை தூக்குகிறாள். எந்த வீட்டிலும் கீரைக் கணக்கில் யாரும் அவளை ஏமாற்ற முடிவதில்லை.

இரண்டாவது அபிப்பிராய தினம் நெருங்கியது. ஒரு சாயங்காலம் காமாக்ஷியம்மாள் கொல்லை வாசலில் முத்தம்மாவை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தி, தாசில்தார் சொல்லிக்கொடுத்த இடத்திலேயே மூச்சு விட்டாள்.

"முத்தம்மா, அன்னிக்கு நீ பேசினது எங்க எல்லார் மனசிலயும் அப்படியே நிக்கறது. நாங்க பதினோரு பேரும் கலந்து பேசிண்டோம். இந்தத் தடவையும் நீதான் வந்து சொல்லணும்."

"எம் பொண்ணுதான் அங்க இல்லியேம்மா."

"அதுக்குத்தான் சொல்றேன். உனக்கு இனிமே போறதுக்கு ஒண்ணும் இல்ல பாரு. எங்களுக்கெல்லாம் பொண்ணு படிச்சிண்டிருக்காளே."

முத்தம்மா கூடையை இறக்கவில்லை. ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து ஜானகியிடம் கொடுத்தாள். ஜானகி அதைப் படிமேல் வைத்தாள்.

"சரிம்மா, சொல்றேன். ஒண்ணு செய்யுங்க. உங்க பொண்ணையும் நிறுத்திடுங்க. உங்களுக்கும் போறதுக்கு ஒண்ணும் இருக்காது. அப்பால ரெண்டு பேரும் சேந்தே போலாம்."