கத்தரிக்கோல் அக்காவின் மணி பிளாண்ட்

ஈப்போவில் இன்றைக்கு உயிரோடு இருக்கும் மணி பிளாண்ட்களில் பாதி, கத்தரிக்கோல் அக்கா பிழைக்க வைத்தவை. மீதிப் பாதி இன்னும் அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வக்கீல் அலுவலகத்துக்குத் துப்புரவு வேலைக்கு வந்தவர் அவர். சொந்தப் பெயர் காண்ட்ராக்ட் கம்பெனியின் தாளில் மட்டும் இருந்தது. மற்ற கிளீனர்களின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். இவர் இடுப்பில் கயிறு கட்டிய கத்தரிக்கோல். வங்கிக்குப் போனால் வங்கிச் செடியிலிருந்து ஒரு துண்டு. கோயிலுக்குப் போனால் அங்கிருந்து ஒரு துண்டு. கன்னம் வீங்க, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த நாளில்கூட, பல் டாக்டரின் செடி இரண்டு குச்சியாகக் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், காம்பார் பல்கலைக்கழகத்தில் படித்தேன். என் பெயர் பொறித்த சின்னப் பலகை மேசைமேல் இருக்கும். தினமும் இரண்டு தடவை நானே துடைப்பேன். அக்காவைத் தொட விட்டதில்லை. அதனால் எனக்கு அவர் வைத்த பெயர், ‘டிகிரி’.

என் மேசைக்குப் பின்னால், கோப்பு அலமாரியின் உச்சியில், ஏர்கோன் காற்று நேராக அடிக்கும் இடத்தில் ஒரு மணி பிளாண்ட் செத்துக்கொண்டிருந்தது. நீளமான மொட்டைக் கொடி, நுனியில் மூன்று மஞ்சள் இலை. மிச்சக் கோப்பியை எல்லாரும் அந்தத் தொட்டியில்தான் ஊற்றினோம்.

“அதைத் தூக்கிப் போட்டுடுங்க” என்றார் எங்கள் முதலாளி லாயர் சார்.

“நாடி இருக்கு சார். ஒரு மாசம் குடுங்க.”

“செடிக்கு ஏதுக்கா நாடி?” என்றேன் நான்.

“வா டிகிரி, வந்து பாரு.” அக்கா கொடியை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. “எஸ்டேட்ல ஒட்டுக்கன்னு கட்டுனவங்க வீட்டுப் பொண்ணுலா நான். பச்சை இருந்தா உசுரு இருக்கு.”

சார் கோர்ட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அக்கா செடியைப் பிடுங்கி, அழுகிய கறுப்பு வேர்களை வெட்டி, கொடியை விரல் நீளத்துக்குத் துண்டு போட்டிருந்தார். தொட்டியில் புது மண்ணும் ஒரு சாண் கட்டையும் மட்டும் நின்றன.

“காப்பாத்துறேன்னு சொல்லிட்டு கொத்துக்கறி போட்டு வச்சிருக்கீங்க!”

“கணுவுக்குக் கணு ஒரு புள்ள சார். பொறுமையா இருங்க.”

ஒவ்வொரு துண்டும் ஒரு காலி காயா ஜாம் போத்தலுக்குள் போனது. கணு தண்ணீருக்குள், ஜன்னல் வெளிச்சம், இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம். மூன்றாவது வாரம் வெள்ளை வேர்கள் எட்டிப் பார்த்தன. மொட்டைக் கட்டை இலை விட்டது. அன்றைக்கு அலுவலகம் முழுக்க அக்கா கேசரி கொடுத்தார். சாருக்கு மட்டும் இரண்டு கரண்டி, “கொத்துக்கறி சாப்பிடுங்க சார்” என்று சொல்லி.

அதோடு நின்றிருக்கலாம். வேர் விட்டதிலிருந்து இன்னொரு துண்டு, வங்கித் துண்டு, கோயில் துண்டு என்று போத்தல்கள் நாற்பதைத் தாண்டின. நகலெடுக்கும் இயந்திரத்தின் மேல், குற்றவியல் சட்டப் புத்தகங்களுக்கு நடுவில், எங்கும் போத்தல்.

“எனக்கு ஒண்ணு குடுங்கக்கா” என்று ஒருநாள் கேட்டேன்.

“குடுக்க மாட்டேன். மணி பிளாண்ட்ட குடுத்தா வளராது. திருடிக்க.”

“படிச்ச பொண்ணு நான், திருடணுமா?”

“அப்ப படிச்சிக்கிட்டே இரு.”

பிறகுதான் வந்தது டெங்கி. பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். மறுநாள் காலை சுகாதார அதிகாரிகள் கொசுப்புழு தேடி வருகிறார்கள் என்று தகவல். சார் போத்தல்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“நாளைக்குக் காலையில ஒரு போத்தல் தண்ணி இங்க இருந்தாலும், வேற ஆள் அனுப்பச் சொல்லி உங்க கம்பெனிக்கு எழுதிடுவேன்.”

நான் அக்காவை இழுத்துக்கொண்டு பேன்ட்ரிக்குப் போனேன். “வீட்டுக்குக் கொண்டு போயிடுங்கக்கா.”

“மோட்டார் சைக்கிள்ல நாப்பது போத்தல எப்படிலா கொண்டு போறது?”

“அப்ப ஆளுக்கு ஒண்ணு குடுத்துடுங்க.”

“குடுத்தா செத்துடும்.”

“வேலை போயிடும்க்கா!”

அக்கா மாப்பை எடுத்துக்கொண்டு நடையின் கோடிக்குப் போனார். சுவரைப் பார்த்து நின்று, ஒரே தரைக் கல்லைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

எனக்குப் புரிந்தது. குற்றவியல் சட்டத்துக்கு நடுவில் இருந்த போத்தலை நான்தான் முதலில் எடுத்தேன். என் குடும்பத்தின் முதல் பட்டதாரி, முதல் திருடியும் ஆனேன். பின்னாலேயே கிளார்க்குகள், மாடியிலிருந்த இன்சூரன்ஸ்காரர்கள், கீழே மாமாக் சாப்பாட்டுக் கடை அண்ணன் என்று வரிசை கட்டி வந்து திருடினார்கள். கடைசிப் போத்தலைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனவர், லாயர் சார்.

மறுநாள் அதிகாரிகளுக்கு ஒரு புழுவும் சிக்கவில்லை. ஆனால் அவர்களில் ஒருவர், மண் தொட்டியில் தழைத்து நின்ற தாய்ச்செடியைப் பார்த்து, “கா, போலே மிந்தா சிக்கிட்?” என்று மலாயில் கொஞ்சம் தரச் சொல்லிக் கேட்டார்.

“தா போலே” என்று மறுத்துவிட்டு, அக்கா அவசரமில்லாமல் பாத்ரூமுக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது அதிகாரியும் இல்லை, செடியில் ஒரு கிளை குறைந்திருந்தது.

போன மாதம் அக்காவைக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். மகள் வீட்டுக்குப் பக்கம் என்று அவரே கேட்டு வாங்கியதுதான். “அங்க ஒரு செடிகூட இல்லையாம் டிகிரி. எப்படித்தான் மனுசங்க வேலை செய்றாங்களோ.”

நான் திருடிய செடி தொட்டிக்கு மாறி, இப்போது என் பெயர்ப் பலகையை முழுக்க மறைத்து வளர்ந்திருக்கிறது. அவர் கிளம்பும்போது அதிலிருந்து ஒரு கொடி கொடுக்க ஆசைப்பட்டேன். கொடுக்கக் கூடாதே.

அவருடைய கடைசி நாளில் தொட்டியை மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரே கோப்பின் ஒரே பக்கத்தை மத்தியானம்வரை படித்தேன்.

முதுகுக்குப் பின்னால் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. கமுந்திங்கில் அது நன்றாக வளர வேண்டுமே.