மாமனாரின் கம்பீரத்தை வடிகட்டிய கதை

மனிதனின் கம்பீரம் அவன் குணத்தில் இருப்பதாக நாட்டில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. தவறு. கம்பீரம் என்பது விநாடிக்கு இருநூறு அதிர்வுகளுக்குக் கீழே இருக்கும் சமாசாரம். அதற்கு மேலே இருப்பது வெறும் சொற்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் மாமனாரை வைத்துக் கண்டுபிடித்தேன்.

அன்றைய வேலை சாதாரணமானது. ரேடியோ சாமான் கடைக்குப் போய்க் கண்டன்சர் என்ற சின்ன உதிரிபாகம் வாங்க வேண்டும்.

எழுபதுகளின் ஆரம்பம். மாமனார் மயிலாப்பூரில் ஒரு சின்ன சபாவுக்குக் காரியதரிசி. அந்தப் பதவிக்கு அவரை எதிர்த்து யாரும் நின்றதே இல்லை. அந்த வருஷம் ஒரு பாங்க் குமாஸ்தா நின்றார். பொதுக்கூட்டத்தில் இருவரும் பேசவேண்டியது. அங்கேயே கைதூக்கி முடிவு.

சபா மைக்கின் மெலிந்த ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி என் கைவேலை. பெட்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பிஸ்கட் டின்.

"மாப்பிள்ளை, நான் மேஜையைத் தட்டிப் பேசினா உங்க பெட்டில இடி இடிக்கறது. முன் வரிசை மாமியெல்லாம் காதைப் பொத்திக்கறா. கூட்டத்துக்குள்ள சரி பண்ணிடுங்கோ."

மேஜையைத் தட்டாமல் பேசலாமே என்றேன். மனசுக்குள்.

இதற்கு ஒரு கண்டன்சரும் ஒரு ரெசிஸ்டரும் போதும். சபா வாசலில் டிக்கெட் கிழிப்பவரைப் போல நின்று, தாழ்ந்த ஒலிகளைத் தடுத்து, உயர்ந்த ஒலிகளை மட்டும் உள்ளே விடும். கடைக்காரரிடம் இதைத் தூய தமிழில் விளக்கினேன்.

"ஒலி வடிகட்டி வேண்டும்."

"வடிகட்டியா? அது பாத்திரக் கடைல கீது சார்!"

"இது மைக்குக்கு."

"அப்டி சொல்லு நைனா. கண்டன்சர்தானே? எத்தினி சைசு?"

சந்தேகத்துக்கு எல்லா அளவிலும் வாங்கினேன். அதுதான் வினை.

சபா மைக்கையும் பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தி, மேஜையைத் தட்டினேன்.

"ஏன்னா, இன்னும் டொம்முங்கறது" என்றாள் மனைவி.

இன்னும் சின்னக் கண்டன்சர் போட்டேன். கண்டன்சர் சிறுக்கச் சிறுக்கத் தடுப்பு மேலே ஏறி, இன்னும் உயர்ந்த ஒலிகளையும் நிறுத்தும்.

"இப்போ?"

"லேசா இருக்கு."

நான் அரைகுறை ஆசாமி இல்லை. இருப்பதிலேயே சின்னதைப் போட்டேன். தட்டினேன். நிசப்தம்!

"குரல் எப்படி இருக்கு?" என்று மைக்கில் கேட்டேன்.

"உங்க குரல் எப்பவும் போலத்தான் இருக்கு" என்றாள். அதை ஒரு சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் நிரம்பி வழிந்தது. மாமனார் எழுந்தார். அவர் குரல் ஆழ்கிணற்றில் அண்டாவை இறக்கினாற்போல் இருக்கும். "ஆவன செய்யப்படும்" என்று அவர் சொன்னால், அப்போதே செய்து முடித்த மாதிரி ஜனங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

"சபையோர்களே!"

ஒலிபெருக்கியில் தீப்பெட்டிக்குள் அடைத்த கொசு பேசியது.

முதல் வரிசை நிமிர்ந்தது. மாமனார் என்னைப் பார்த்தார். நான் சத்தத்தைக் கூட்டினேன். கொசு பெரிதாயிற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரிசோதனை செய்தது என் குரலில். என் குரலில் தடுத்து நிறுத்துவதற்குத் தாழ்ந்த ஒலி ஒன்றுமே கிடையாது!

"மின்விசிறி வாங்குவது பரிசீலனையில் உள்ளது" என்றது கொசு.

இத்தனை காலமும் அந்த வாக்கியம் இடிபோல் வந்து போய்விடும். இன்று ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகக் கேட்டது.

"போன வருஷமும் பரிசீலனைலதானே இருந்தது?" என்றார் ஒரு பெரியவர், விசிறிமட்டையால் முதுகைச் சொறிந்தபடி.

"ஆவன செய்யப்படும்!"

"ஆவனன்னா என்ன ஓய்?"

அரங்கமே சிரித்தது. மாமனார் கோபத்தில் மேஜையை ஓங்கிக் குத்தினார். மைக் எகிறிக் குதித்தது. ஒலிபெருக்கியில் ஒரு சின்ன 'டிக்'கூட வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் என் வேலை பரிபூரண வெற்றி.

அவர் மைக்கைத் தள்ளிவிட்டு வெறுந்தொண்டையில் ஆரம்பித்தார்.

"கேக்கலை! மைக்ல பேசுங்கோ!" என்று பின்வரிசை கத்தியது. கேட்டுச் சிரிக்கும் ஆசை அவர்களுக்கு.

பாங்க் குமாஸ்தாவுக்கும் என்னைப் போல மெல்லிய குரல்தான். வடிகட்டி அவரை ஒன்றும் செய்யவில்லை. "என்னைத் தேர்ந்தெடுத்தா விசிறி வாங்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

குமாஸ்தாவுக்குக் கைகள் உயர்ந்தன. எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாமனாருக்காக உயர்ந்த கைகளில் ஒன்று என்னுடையது. அதை அவர் பார்க்கவில்லை. பிஸ்கட் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. வழக்கமாக மாமனார் நேரில் கொண்டுவந்து தரும் வேட்டி, அந்த முறை பதிவுத் தபாலில் வந்தது. அவர் வீடு எங்களுக்கு அடுத்த தெரு.