பக்கம் புரட்டுகிறவர்

இசைக்குறிப்புப் புத்தகம் மறுபடியும் மூடிக்கொண்டது.

கடை வைத்துப் புத்தகங்களுக்குத் தைத்து அட்டை போடுகிற பைண்டர் அதைப் பொறுமையாகத் திறந்து பியானோவின் தாங்கியில் வைத்தார். இரண்டு உள்ளங்கைகளாலும் நடுவில் அழுத்திவிட்டு, மெல்லக் கையை எடுத்தார். மூன்று எண்ணுவதற்குள் படக்கென்று மூடியது. மூடியதோடு நிற்காமல் சறுக்கி விழுந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அவரைப் பியானோ வாசிக்க வைத்தது.

"மெதுவா மாமா! அக்கா உள்ள படுத்திருக்கா" என்றான் மச்சான்.

மச்சான் என்றால் பைண்டரின் மனைவிக்குத் தம்பி. வாரநாட்களில் ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பான், ஞாயிற்றுக்கிழமை வயலின் வாசிப்பான். மூலையில் நாற்காலி போட்டு, தன் உயரத்துக்கு ஒரு பெரிய வயலின் போலிருந்த செல்லோவை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தவள் பைண்டரின் தங்கை. அவள் பல் டாக்டர். பியானோ, பைண்டரின் மனைவி. இந்த மூன்று பேரும் பதினாறு வருடமாக இந்த முன்னறையில் வாசிக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஆனால் இன்று மாலை ஆறு மணிக்கு நின்று கேட்கிற கூட்டம் இல்லை, உட்கார்ந்து கேட்கிற கூட்டம். இருபது நாற்காலி. அதில் ஒன்று அரங்கக்காரம்மாவுக்கு. ஊரில் இந்த மாதிரி சங்கீதத்துக்கென்றே நூற்றிருபது இருக்கையோடு ஒரு சின்ன அரங்கம் இருக்கிறது. அங்கே யார் வாசிக்கலாம், யார் வீட்டிலேயே வாசித்துக்கொள்ளலாம் என்று தீர்மானிக்கிறவர் அந்த அம்மாள். அவர் தேதி கொடுத்துவிட்டால் மனைவியின் பதினாறு வருட ஆசை நிறைவேறும். பைண்டருக்கு அது தெரியும். அவருக்கும் அதே ஆசைதான், இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

போன வாரம் மனைவி சொல்லியிருந்தாள்: "அன்னிக்குப் பக்கம் நீங்கதான் புரட்டணும்."

"எனக்கு இந்த நோட்டுல ஒரு புள்ளிகூடப் படிக்கத் தெரியாதே!"

"படிக்க வேண்டாம். நான் தலையை ஆட்டினா புரட்டுங்க. அவ்வளவுதான்."

"இத்தனை நாள் நீயேதானே புரட்டிக்கிட்டே?"

"இத்தனை நாள் அந்தம்மா வரலையே."

அன்றிலிருந்து பைண்டர் தரையில் நடக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கச்சேரியில் தானும் உண்டு என்று சொல்லிவிட்டார். என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "நான் வாசிக்கிறதில்லை. நான் புரட்டினாத்தான் மத்தவங்க வாசிக்க முடியும்" என்று பதில் சொன்னார்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், அவர் அந்தப் புத்தகத்தை உற்றுப் பார்க்காமல் இருந்திருந்தால். தாள்களைப் பிடித்திருந்த கம்பிப் பின் துருப்பிடித்து, தாள்கள் தொங்கி, முதுகில் ஒட்டுத்தாள் மேல் ஒட்டுத்தாளாக ஒட்டி, பார்க்கவே சகிக்கவில்லை. காலையில் யாரிடமும் சொல்லாமல் கடைக்கு எடுத்துப் போனார். பிரித்தார், தைத்தார், பசை போட்டார், கெட்டி அட்டைக்கு மேல் கருநீலக் காலிகோத் துணி ஒட்டினார். மூன்று ஓரத்தையும் கத்தி போல நேராக வெட்டினார்.

"ஏன் மாமா இந்த வேலை?" என்றான் மச்சான்.

"ஒரு பைண்டர் வீட்டுப் பியானோ மேல கிழிசல் புத்தகம் இருந்தா அந்தம்மா உங்க அக்காவைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"இப்ப பியானோ மேல புத்தகமே இருக்க மாட்டேங்குதே!"

"புது பைண்டிங் அப்படித்தான் இருக்கும். என் தையல் நாற்பது வருஷம் பிரியாது."

"சாயங்காலம் ஆறு மணிக்குப் பிரிஞ்சா போதும், மாமா."

தங்கை கம்பியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "அண்ணா, இன்னிக்கு எல்லாம் உன் கையிலதான் இருக்கு. விளையாடாதே."

பைண்டர் கொடியிலிருந்து துணி கிளிப்புகள் நாலு கொண்டுவந்தார். மேலே இரண்டு, கீழே இரண்டு. புத்தகம் அடங்கி உட்கார்ந்தது. அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"இப்பப் புரட்டுங்க" என்றான் மச்சான்.

கிளிப்பைக் கழற்றி, புரட்டி, மறுபடி மாட்ட வேண்டும். மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பதினோரு செகண்டு. அக்கா அதுக்குள்ள அடுத்த தெருவுக்குப் போயிருப்பா."

"பசைதான் முரண்டு பிடிக்குது. சூடு காட்டினா இளகிடும்" என்றார் பைண்டர். இது அவர் தொழில். இதில் யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, முதுகில் ஒரு துணியை வைத்து அழுத்தினார். பசை இளகத்தான் செய்தது. இளகி, வெளியே போக வழி தெரியாமல் உள்ளே போய், நடுவிலிருந்த மூன்று தாள்களை ஒரே தாளாக்கிவிட்டது.

தங்கை செல்லோவைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் கைப்பையைத் திறந்தாள். பல் இடுக்கில் விட்டுப் பார்க்கிற மெல்லிய கொக்கி ஒன்றை எடுத்தாள். புத்தகத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, ஓரத்தில் கொக்கியை விட்டு நெம்பினாள். பைண்டர் முகத்தைச் சுளித்தார்.

"உனக்கு என்ன வலிக்குது?"

"என் தையல்டீ அது!"

"வேரோட பிடிச்சிருக்கு. எடுக்க முடியாது" என்று டாக்டர் கைவிட்டுவிட்டாள்.

மணி ஐந்தரை. ஒரே வழிதான் பாக்கி. பைண்டர் கடைப்பையிலிருந்து கத்தியை எடுத்தார். நாற்பது வருடம் தாங்கக்கூடிய தையலை, செய்த கையாலேயே, முதுகோடு சேர்த்து ஒரே இழுப்பில் அறுத்தார். மனது கேட்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். புத்தகம் தனித்தனித் தாள்களாகிவிட்டது. இனி மூடிக்கொள்ளாது.

"இதைக் காலையிலயே இப்படி விட்டிருக்கலாம்" என்றான் மச்சான்.

"ஓரத்துல பசை பிசுபிசுங்குது. கொஞ்சம் காய்ஞ்சா சரியாயிடும்" என்று பைண்டர் மேஜை விசிறியைத் தட்டிவிட்டார்.

அதை அவர் செய்திருக்கக் கூடாது. தாள்கள் எழும்பி, இருபது நாற்காலிகளுக்கு மேலும் கீழும் போய் உட்கார்ந்துகொண்டன. கச்சேரிக்கு முதலில் வந்து சேர்ந்தவை அவைதான்.

மூன்று பேரும் மண்டிபோட்டுப் பொறுக்கினார்கள்.

"பதற்றப்படாதீங்க. பக்க நம்பரைப் பாத்து அடுக்கினா அஞ்சு நிமிஷம்" என்றான் மச்சான். ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நம்பர் எங்க?"

பைண்டர் ஒரு நாற்காலிக்கு அடியில் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

"மாமா, மேல் மூலையில நம்பர் இருக்குமே?"

"ஓரம் நேரா இல்லைடா" என்றார் பைண்டர் மெல்லிய குரலில். "வெட்டினேன்."

பக்க எண்கள் பதினெட்டுத் தாளுக்கும் சேர்த்துக் கடைக் குப்பைக்கூடையில் இருந்தன. நோட்டைப் பார்த்து அடுக்கலாமென்று தங்கை உட்கார்ந்தாள், இரண்டு தாள் சேர்த்தாள். அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது. மணி அடித்தவர் அரங்கக்காரம்மா. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வருகிற ரகம்.

அவர் பின்வரிசைக்குப் போகவில்லை. பியானோவுக்குப் பக்கத்தில், தாங்கி நன்றாகத் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். மடியில் ஒரு சின்ன நோட்டு, கையில் பேனா. நாலா பக்கமும் ஆட்கள் நிறைந்தார்கள். பைண்டர் அகப்பட்ட வரிசையில் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, வெளியே வந்த மனைவியிடம் ஓடினார்.

"ஒரு விஷயம் சொல்லணும்..."

"நல்ல விஷயமா இருந்தா அப்புறம் சொல்லுங்க. கெட்ட விஷயமா இருந்தா சொல்லவே சொல்லாதீங்க" என்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, அவள் போய் பியானோ முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் தாள் மட்டும் சரியாக இருந்தது. அதில் பெரிய எழுத்தில் இருந்த தலைப்பைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்து வைத்திருந்தார். தனக்கென்று இருந்த நோட்டைப் பார்த்து வயலின் ஆரம்பித்தது, செல்லோவும் தன் நோட்டோடு சேர்ந்துகொண்டது, பியானோ இரண்டுக்கும் நடுவில் இறங்கியது. மனைவி தலையை ஆட்டினாள். பைண்டர் எழுந்து, ஒரு வாரம் பழகியபடி, தாளின் மேல் மூலையைப் பிடித்து அலுங்காமல் புரட்டினார்.

அவள் கண் ஒரு நொடி தாளில் நின்றது. பிறகு அவரைப் பார்த்தது. நோட்டுப் படிக்கத் தெரியாத அவருக்கே விஷயம் புரிந்தது. அவள் வாசிப்பது மெதுவாக, ஒவ்வொரு சொட்டாக. தாளிலோ எறும்புப் புற்று உடைந்தது போலக் கறுகறுவென்று புள்ளிகள்.

"மாறிப்போச்சு" என்றார் உதடு அசையாமல்.

"தெரியுது."

"முழுசா மாறிப்போச்சு."

"சும்மா நில்லுங்க. தலையை ஆட்டும்போது புரட்டுங்க."

அதற்குப் பிறகு அவள் தாளைப் பார்க்கவே இல்லை. நாற்பது நிமிட இசை, நாலு பகுதி, அத்தனையும் அவள் விரலில் இருந்தது. மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும்போது நோட்டு எதிரில் இருக்க வேண்டும் என்பது இந்தச் சங்கீதத்தின் வழக்கம். அந்த மரியாதைக்காக அவள் அவ்வப்போது தலையை ஆட்டினாள். அந்த மரியாதைக்காக அவரும் புரட்டினார். நாலாவது தாள் தலைகீழாக வந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் காட்டாமல் அதையும் புரட்டினார்.

பைண்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை வருடம் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறார், சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார், தூங்கிக்கொண்டுகூடக் கேட்டிருக்கிறார். ஒரு கை தூரத்தில் நின்று அவள் விரல்களைப் பார்த்ததில்லை. தம்பியின் வயலின் கொஞ்சம் அவசரப்பட்டால் அவள் இடது கை அவனைப் பிடித்து நிறுத்தியது. தங்கையின் செல்லோ தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்தால் பியானோ ஒதுங்கி வழிவிட்டது. இவள் என் பெண்டாட்டி என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

கடைசிப் பகுதியின் நடுவில் இன்னொரு சங்கடம். மூன்று தாள் ஒட்டிக்கொண்டதால் கணக்கு குறைந்து, இசை முடிவதற்குள் தாள் முடிந்துவிட்டது. மனைவி தலையை ஆட்டினாள். புரட்ட ஒன்றுமில்லை. அரங்கக்காரம்மா பேனாவை நிமிர்த்திப் பிடித்தார். பைண்டர் அசரவில்லை. இடப்பக்கம் சேர்ந்திருந்த தாள்களை மொத்தமாக எடுத்து வலப்பக்கம் வைத்து, முதல் தாளிலிருந்து மறுபடியும் புரட்ட ஆரம்பித்தார்.

முடிந்ததும் அறையே எழுந்து நின்றது. கைதட்டல் ஓயவே இல்லை. மச்சானுக்கு வியர்த்துக் கொட்டியது, தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள். மனைவி பைண்டரின் கையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக் குனிய வைத்தாள்.

ஆனால் அரங்கக்காரம்மா கைதட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைகிற சமயம் பார்த்து பைண்டர் அவர் எதிரில் போய் நின்றார். கையில் அந்தத் தாள்கட்டு.

"அம்மா, நீங்க கேக்கிறதுக்கு முந்தி நானே சொல்லிடறேன். இதுல ஒரு தாளும் வரிசையா இல்ல. நான்தான் கெடுத்தேன். காலையில பைண்டிங் பண்றேன்னு ஆரம்பிச்சேன், சாயங்காலம் வரைக்கும் கெடுத்துக்கிட்டே இருந்தேன்."

"பாத்தேன். நாலாவது தலைகீழா இருந்துச்சு" என்றார் அரங்கக்காரம்மா.

"அதுவும் நான்தான். அவ ஒரு புள்ளிகூடப் பாக்காம, அத்தனையும் மனசுலேர்ந்து வாசிச்சாம்மா. பயந்து நிறுத்தியிருக்கலாம், நிறுத்தலை. இந்த மாதிரி ஒருத்தி இந்த ஊர்லயே கிடையாது. வீட்டுக்காரன் சொல்றேன்னு நினைக்காதீங்க, நினைச்சாலும் பரவாயில்ல. ஏதாவது குறை எழுதியிருந்தீங்கன்னா என் பேர்ல எழுதிக்குங்க. தேதியை மட்டும் அவளுக்குக் குடுத்துடுங்க."

அரங்கக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். நோட்டில் பெரிதாக ஒரு டிக் போட்டு மூடினார்.

"தேதி அவங்க மூணு பேருக்கும் போன மாசமே குடுத்தாச்சுங்க, பக்கம் புரட்ட என் வீட்டுக்காரர் நிக்கலைன்னா மேடை ஏறவே மாட்டேன்னு உங்க சம்சாரம் ஒரே பிடிவாதம், அதான் இன்னிக்கு உங்களைப் பரீட்சை பண்ண வந்தேன்."